விரல் காய்ப்பு

தாழ்ப்பாள் போட்டோமா என்று இன்னாசி மறுபடியும் எழுந்து போய்ப் பார்த்தான். போட்டுத்தான் இருந்தது. போன தடவை பார்த்தபோதும் போட்டுத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பட்டப்பகலில், சொந்த வீட்டில், சொந்தக் கிட்டாரை வைத்துக்கொண்டு திருடனாட்டம் முழித்துக்கொண்டிருக்கிற ஆள் திண்டுக்கல்லிலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். பாயில் கிட்டாரை மல்லாக்கப் போட்டு, கழுத்துக்கு அடியில் தலையணை கொடுத்திருந்தான். பக்கத்தில் இடுக்கி, அரம், உப்புத்தாள், பசை. பெண்டாட்டி பிலோமினா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பேகம்பூரில் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். சாயங்காலக் காப்பிக்குத் திரும்பிவிடுவாள். அதற்குள் முடிக்க வேண்டும். ஆறு கம்பியையும் கழற்றி, வலக்கைக்காரனுக்கென்று கட்டியிருக்கிற கிட்டாரை இடக்கைக்காரனுக்கு மாற்றிக் கட்ட வேண்டும். தடிக்கம்பி இருந்த இடத்துக்கு மெல்லிசு, மெல்லிசு இருந்த இடத்துக்குத் தடி. வயசுப் பிள்ளையாய் இருந்த காலத்திலிருந்து இடக்கை விரலால் கம்பியை அமுக்கி வலக்கையால் மீட்டிவந்தவன், இனிமேல் வலக்கையால் அமுக்கி இடக்கையால் மீட்டப்போகிறான். ஏன் என்று கேட்டால்? ஏன் என்றுதான் யாரும் கேட்கக் கூடாது. கோயில் பாடல் குழுவில் கேட்டால் தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்று சொல்லலாம். கல்யாணக் கச்சேரிக்குக் கூட்டிப்போகிற கீபோர்டு குமரேசன் கேட்டால்? அவன் தோள்பட்டைக்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை. என்னண்ணே, இத்தனை வருஷம் கழிச்சுப் பீச்சாங்கைக்கு மாறிட்டீங்க, சோத்தையும் அதுலதான் திங்கிறீங்களா என்பான். மேடையில் எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்கள் கிட்டத்தில் வந்து கையைப் பார்க்காமல் இருந்தால் சரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனாலும் சோறு நிறைய இருந்தால் கொஞ்ச நாள் மறைக்கலாம் என்று இவனுக்கு ஒரு கணக்கு. குமிழ்களைத் திருகித் தளர்த்தினான். கம்பிகள் தொளதொளத்துப் போய் வயிற்றில் படுத்துக்கொண்டன.

அடியில் கம்பியின் முனையை உள்ளே அமுக்கிப் பிடித்திருக்கிற சின்னச் சின்ன முளைகளை நெம்பி எடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. இப்போது இடக்கை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பார்க்காவிட்டால் அது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிவதில்லை. முழுக்கையும் இல்லை, ஆண்டவரே, முழுக்கையும் இல்லை. கட்டைவிரல் நல்ல விரல். ஆள்காட்டி விரல் நல்ல விரல். நடுவிரல் பாதகமில்லை. மோதிர விரலும் சுண்டுவிரலும்தான், அந்தப் பக்கத்து உள்ளங்கை ஓரமும்தான். காய்ப்பு. கம்பி அமுக்கி அமுக்கிக் காய்த்துப் போனது. கிட்டார்க்காரனுக்கு விரல் நுனி காய்க்காமல் மூக்கு நுனியா காய்க்கும்? ஆனால் காய்ப்பு நுனியோடு நிற்கும். உள்ளங்கை ஓரத்தில் எந்தக் கம்பி அமுக்கியது? அது வேறு. அது தின்னர். கடையில் பெயிண்டு கலக்குகிற வேலை. கையைத் தின்னரில் கழுவிக் கழுவித் தோல் மரத்துப்போனது. அப்படியானால் வலக்கையும்தானே தின்னரில் கழுவுகிறது? கழுவுகிறது. வலக்கைக்கு ஒன்றும் இல்லை. சரி, அதை விடு. சுண்டுவிரல் ஏன் உள்வாங்கி மடங்கி நிற்கிறது? அது வயசு. நாற்பத்து நாலு வயசுக்கு ஒரு விரல் மடங்கக் கூடாதா? போன வாரம் கடையில் டப்பாவைக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. குச்சியைப் பிடிக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். கம்பி மீட்டுகிற பிக் சில்லைப் பிடிக்கவும் அந்த ரெண்டும் போதுமே! கம்பி அமுக்கத்தான் சுண்டுவிரல் வேண்டும்; மீட்டுவதற்கு அது எதற்கு? தப்பிச்சேண்டா சாமி என்று நடுக்கடையில் நின்று சிரித்துவிட்டான். நோவு கண்டவன் ஆஸ்பத்திரிக்கு வழி தேடுவான். இவன் ஒளிய வழி தேடிக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டான். முளைகள் ஒவ்வொன்றாய் வந்தன. கடைசி முளை மட்டும் வரவில்லை. இடக்கையால் மரத்தை அமுக்கிப் பிடித்து வலக்கையால் இழுத்ததில் டப்பென்று தெறித்து அலமாரிக்கு அடியில் உருண்டு போய்விட்டது. முட்டி போட்டுத் துழாவினான். இடக்கையால் துழாவினான். ரொம்ப நேரம் துழாவிய பிறகுதான் எந்தக் கையால் துழாவுகிறோம் என்று உறைத்தது. வலக்கையை விட்டான், உடனே அகப்பட்டது.

இதுவரைக்கும் அவன் ஒன்றைத்தான் நினைக்காமல் இருக்கப் பார்த்தான், அதாவது ஈஸ்டரை. நினைக்காதே என்றால் மனசு கேட்குமா? தவக்காலம் வந்தால் இன்னாசி கிட்டாரைத் தொட மாட்டான். கோயிலில் சுரூபங்களுக்கு ஊதாத் துணி போர்த்துவார்கள். இவன் வீட்டில் கிட்டாருக்கும் ஒரு ஊதாத் துணி, பிலோவின் பழைய சேலையில் கிழித்தது. விபூதிப் புதனன்று போர்த்தினால் ஈஸ்டருக்குத்தான் எடுப்பான். அண்ணன் கிட்டாருக்கு மாலை போட்டுட்டாருடா, இனி கச்சேரிக்கு வேற ஆளப் பாரு என்று குமரேசன் பொருமுவான். அத்தனை நாள் சும்மா இருந்தால் காய்ப்பெல்லாம் உரிந்து, விரல் நுனி பச்சைப்பிள்ளை விரல் மாதிரி ஆகிவிடும். அப்புறம் ஈஸ்டர் பூசையில் வானவர் கீதம் எடுக்கிறபோது, மணி அடித்துக்கொண்டிருக்கும், பிள்ளைகள் கத்திப் பாடிக்கொண்டிருப்பார்கள், இவனுக்கு விரல் நுனியில் உயிர் போகும். விண்விண்ணென்று தெறிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பான். வீட்டுக்கு வந்ததும் பிலோ தேங்காயெண்ணெயைச் சுடவைத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு விரலாய்ப் பிடித்துத் தடவுவாள். அதுதான் இவர்கள் வீட்டு ஈஸ்டர். கறிச்சோறெல்லாம் அதற்குப் பிறகு. இந்த வருஷமும் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள். கொடுங்க கைய என்றாள். வலிக்கலடி என்றான். வலிக்கலையா? நெசமாவே வலிக்கல பிலோ, இந்தா பாரு. விரலை விரித்துக் காட்டினான். நுனி மெத்தென்றுதான் இருந்தது, கம்பி அறுத்த சிவப்புக்கோடுகூட இருந்தது, மோதிர விரலிலும் சுண்டுவிரலிலும் வலி மட்டும் இல்லை; மற்ற விரலில் இருந்ததை அவன் கணக்கில் எடுக்கவில்லை. என்ன பெருமை அவனுக்கு! ஆண்டவர் என் தபசை ஏத்துக்கிட்டாரு என்று எல்லாரிடமும் சொன்னான். குமரேசனிடம் சொன்னான், சாமியாரிடம் சொன்னான். அதோடு விட்டானா? அந்தோனியார் கெபியில் போய் ஆளுயரத்தில் பாதி இருக்கும், அப்படி ஒரு மெழுகுதிரி ஏற்றி நன்றி சொல்லிவிட்டு வந்தான். வலி போனதற்கு நன்றி! அடப் பாவி. அந்த மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தபோதே மனசின் ஒரு மூலையில் ஏதோ இடித்தது. அவன்தான் அதைக் கேட்கவில்லை. அன்றைக்குக் கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு பிலோ ஒரு மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தாள், கொடுக்கிறதுக்கு வந்து கொடுக்காமல் போகிறவள் மாதிரி. அதையும் அவன் கவனிக்கவில்லை.

கழுத்து முடிகிற இடத்தில் கம்பிகள் உட்காருவதற்குப் பள்ளம் வெட்டின வெள்ளைப் பட்டை ஒன்று இருக்கிறது. நட் என்பார்கள். அதை மெல்லத் தட்டிக் கழற்றித் திருப்பி ஒட்ட வேண்டும். திருப்பாவிட்டால் தடிக்கம்பி சின்னப் பள்ளத்தில் இறங்காது, மெல்லிய கம்பி பெரிய பள்ளத்தில் கிடந்து கிரீச்சிடும். தட்டினான். வந்தது. பழைய பசையை உப்புத்தாளால் தேய்த்தான். தேய்க்கும்போது சட்டைக் கை மேலே ஏறியது, உடனே இறக்கிவிட்டுக்கொண்டான். வீட்டில் யாரும் இல்லை, ஆனாலும் இறக்கிவிட்டுக்கொண்டான். முழங்கைக்குக் கீழே அது இருக்கிறது. நிறம் தெரிந்தவனுக்கு அது ஒரு சாபம். வாடிக்கையாளர் சுவரிலிருந்து பெயர்த்துக்கொண்டு வருகிற சில்லைப் பார்த்தே இதில் மஞ்சள் எத்தனை சொட்டு, கறுப்பு எத்தனை சொட்டு என்று சொல்லிவிடுகிறவன் இன்னாசி. தன் கையில் இருக்கிறது என்ன நிறம் என்று அவனுக்குத் தெரியாதா? தன் தோலில் ஒரு சொட்டுப் பழுப்புக் குறைந்த நிறம். ஒரே ஒரு சொட்டு. தேமல் என்று களிம்பு வாங்கித் தடவினான். போகவில்லை. அப்புறம்தான் சுகாதாரத் துறை விளம்பரம் எழுத ஒரு ஆள் வந்து இவன் கையாலேயே நீலம் கலந்து வாங்கிக்கொண்டு போய், கடைக்கு நேர் எதிர்ச் சுவரிலேயே எழுத ஆரம்பித்தான். ஒவ்வொரு எழுத்தாய் எழுதினான், பாவி, ஒரு நாள் முழுக்க. உணர்ச்சியில்லாத தேமல் என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனான். இன்னாசி கல்லாவில் நின்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான், அடுத்து என்ன எழுதப்போகிறான் என்று தெரியாத மாதிரி. திரும்பி வந்து எழுதினான். தொழுநோயாக இருக்கலாம். இன்னாசி வீட்டில் அதற்குத் தொழுநோய் என்று பெயர் இல்லை. குஷ்டம். அந்தப் பெயரையும் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். மறுநாளிலிருந்து கடைக்குப் போகும்போது அந்தச் சுவர்ப் பக்கம் பார்க்காமல் கழுத்தைத் திருப்பிக்கொண்டு போனான். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஊக்கு முனையால் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்த்தான். தெரிகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் அதில் ஒரு கள்ளம் இருக்கிறது. எங்கே தொடுகிறோம் என்று வலக்கைக்குத் தெரியும், அது போய் மனசிடம் சொல்லிவிடுகிறது, மனசு இடக்கைக்காகப் பொய்ச் சாட்சி சொல்கிறது. தன்னைத் தானே தொட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. இன்னொரு ஆள் தொட வேண்டும். இன்னொரு ஆள் தொட வேண்டுமென்றால் அந்த ஆளிடம் முதலில் சொல்ல வேண்டும். அங்கேதான் வந்து வந்து முட்டிக்கொண்டு நின்றான்.

நட்டைத் திருப்பி வைத்து, பசை காய்கிற வரைக்கும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். சவரிமுத்துப் பெரியப்பாவும் இப்படித்தான் எதையாவது அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், மடங்கிய விரல் வெளியே தெரியாமல். கிணற்றடியில் அவருக்கு ஒரு அலுமினியத் தட்டு. வீட்டில் எல்லாத் தட்டும் வெண்கலம், அது மட்டும் அலுமினியம். அதை யாரும் எடுத்து வைப்பதில்லை, அவரே கழுவி அவரே கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். பெரியப்பாவுக்கு என்னம்மா? கைவலிடா. கைவலிக்கு ஏன் தனித்தட்டு? வாயை மூடிக்கிட்டுப் போய்ப் படி. ஒரு நாள் அவர் மடியிலிருந்து ஒரு கமர்கட்டு எடுத்துக் கொடுத்தார். இன்னாசி வாங்கி வாயில் போட்டுவிட்டான். அம்மா எங்கிருந்துதான் பார்த்தாளோ, ஓடி வந்து வாய்க்குள் விரலை விட்டு அதைத் தோண்டி எறிந்தாள். இவன் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சாம்பல் போட்டுத் தேய் தேயென்று தேய்த்தாள், தோல் சிவக்கிற வரைக்கும், அழுதுகொண்டே. பெரியப்பா அதைப் பார்த்துக்கொண்டு அங்கேயேதான் நின்றார். அவர் முகம் எப்படி இருந்தது என்று ஞாபகம் இல்லை. ஞாபகம் வரவே கூடாது. அப்புறம் ஒரு நாள் வேன் வந்தது. பெரியப்பா கொழும்புக்குப் போயிட்டாரு என்று சொன்னார்கள். கல்யாணம் ஆன புதிதில் பிலோ கேட்டபோது இவனும் அதைத்தான் சொன்னான். கொழும்பு. அந்தக் கமர்கட்டு எத்தனை நேரம் வாயில் இருந்திருக்கும்? ஒரு உறிஞ்சு? ரெண்டு உறிஞ்சு? எச்சிலை முழுங்கினேனா? இத்தனை வருஷம் உள்ளே கிடந்து, பொறுமையாய் உட்கார்ந்திருந்து, இப்போதா எழுந்து வரும்? அதுவா இது? இதுதானா அது? அலுமினியத் தட்டு. அதன் ஓரத்தில் ஒரு நசுக்கல்கூட இருந்தது. பசை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. இவன்தான் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தான்.

இந்த வீட்டிலும் இப்போது ஒரு தனித்தட்டு இருக்கிறது. யாரும் வைக்கவில்லை, அவனே வைத்துக்கொண்டான். சாப்பிட்டதும் தன் தட்டைத் தானே கொண்டுபோய்ச் சுடுதண்ணீரில் கழுவித் தனியாய்ச் சாய்த்து வைக்கிறான். என்ன அதிசயமா இருக்கு, ஐயா பாத்திரம் கழுவுறாரு என்று முதலில் பிலோ கேலி செய்தாள். அப்புறம் கேலி செய்வதை விட்டுவிட்டாள். ஷெரினுக்கு ஆறு வயசு. அப்பா உருண்டை பிடித்துக் கொடுத்தால்தான் சாப்பிடுவாள். இப்போது கொடுப்பதில்லை. நீ பெரிய பிள்ளையாயிட்டல்ல, நீயே சாப்பிடு பாப்பா. அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சாப்பிடுகிறாள். படுக்கையையும் கூடத்துக்கு மாற்றிக்கொண்டான், உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லி. மார்கழி மாசத்தில் புழுக்கமாம். பிலோ ஒன்றும் கேட்கவில்லை. அவள் பேசுகிற ஜாதி. உப்புக் குறைந்தால் சண்டை போடுகிறவள். அவளுக்குத் தெரிந்துபோச்சோ? தெரிந்துதான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாளோ? திரும்பி வருவாள்தானே? பையில் எத்தனை துணி எடுத்துப்போனாள், பார்த்தோமா? சின்னப் பைதான். சின்னப் பை மாதிரிதான் இருந்தது. வேகமாய்க் கம்பி மாட்ட ஆரம்பித்தான். தடி முதலில். முனையைத் துளைக்குள் விட்டு, முளையை அமுக்கி, மேலே இழுத்துக் குமிழில் சுற்றினான். உடம்பில் எல்லாம் எதிர்ப்பக்கமாய் ஓடியது, கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்யப் பழகுகிறவனுக்கு வருகிற தடுமாற்றம். உள்ளே மரத்தில் ஒட்டியிருக்கிற சட்டங்கள் வலக்கைக்காரனுக்கென்று ஒட்டினவை, அவற்றை மாற்ற முடியாது. கீழே கம்பிகள் ஏறி நிற்கிற அடிப்பட்டையின் சாய்வும் மாறாது. அதனால் சுருதி எங்கேயாவது கொஞ்சம் பிசகிக்கொண்டுதான் இருக்கும். கேட்கிறவர்களுக்குத் தெரியாது. குமரேசனுக்குத் தெரியும். தெரிந்தால் தெரியட்டும்.

மெல்லிசுக் கம்பிதான் கடைசி. அறுந்தால் கண்ணுக்கு வரும். முகத்தை ஒதுக்கிக்கொண்டு திருகினான். திருகத் திருகக் குரல் மேலே ஏறியது. இன்னும் கொஞ்சம். அறுந்துடாதே தாயே. மரம் எங்கேயோ முறுக்கென்றது. நின்றான். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு கால் திருகு. ஏறி நின்றது. கிட்டாரைத் தூக்கி மடியில் மாற்றி வைத்துக்கொண்டான். கழுத்து வலப்பக்கம் போயிற்று. யாரோ எதிரே உட்கார்ந்து வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. வலக்கை விரல்களைக் கம்பி மேல் வைத்து ஒரு சாதாரண சி மேஜர் பிடித்தான். கோயிலில் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது. விரல் போகிற இடம் தெரியாமல் தடவிற்று. அமுக்கினான். சுரீரென்றது. அமுக்கினான். ஐயோ, என்ன வலி! பச்சை விரலில் கம்பி கத்தியாய் இறங்கிற்று. விடவில்லை. இன்னும் அமுக்கினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதுதான், இதுதான் ஈஸ்டருக்கு வந்திருக்க வேண்டியது. இப்படித்தான் வலிக்கும். எத்தனை நாளாயிற்று இப்படி வலித்து! வலக்கை நல்ல கை, இது என் கை, இதை ஆண்டவர் விட்டுவைத்திருக்கிறார் என்று அழுதுகொண்டே அமுக்கினான். இடக்கையில் பிக்கைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான். சத்தம் கரகரவென்று வந்தாலும் வந்தது. இன்னொரு இழுப்பு. நடந்துவிடும் போலிருக்கிறதே! இப்படியே ஒரு மாதம் பழகினால்? யாருக்கும் சொல்லாமல், யாரும் பார்க்காமல்? சந்தோஷமாய்க் குனிந்து பார்த்தபோது கிட்டாரின் வெளிர்மரத்தில் சிவப்பாய்க் கோடு கோடாய் இழுத்திருந்தது. கடையிலிருந்து பெயிண்டு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதா என்று ஒரு நிமிஷம் நினைத்தான், நிறம் தெரிந்தவன். பெயிண்டு இல்லை. கம்பி முனை எப்போது கிழித்தது? முதல் கம்பி மாட்டும்போதா, கடைசிக் கம்பியா? இடக்கை உள்ளங்கை ஓரம் நீளமாய்ப் பிளந்து, ரத்தம் சொட்டிப் பாயெல்லாம் பரவியிருந்தது. அந்தக் கை அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தாற்போலக்கூட அல்ல, எங்கேயோ வேறு ஊரில் நடந்தது மாதிரி இருந்தது. தின்னர் என்று சொல்லிப் பார்த்தான். காய்ப்பு என்று சொல்லிப் பார்த்தான். வாய்தான் அசைந்தது. கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

"என்னாங்க! கதவத் தொறங்க! பகல்ல எதுக்குத் தாழ்ப்பாள்?" பிலோவின் குரல். காப்பி நேரம் இன்னும் ஆகவில்லையே! இடக்கையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, வலக்கையால் தாழ்ப்பாளை எடுத்தான். அவள் இவனைப் பார்க்கவே இல்லை. விறுவிறுவென்று உள்ளே போனாள். அடுப்படியை எட்டிப் பார்த்தாள், உள் அறையைப் பார்த்தாள், குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள்.

"பாப்பா எங்க?" என்றான் இன்னாசி.

"அக்காகிட்ட விட்டுட்டு வந்தேன். உங்ககிட்ட ஒரு பஞ்சாயத்து இருக்கு. பிள்ளைய வச்சுக்கிட்டுப் பேச முடியாது." இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. "எவ அவ?"

"யாரு?"

"யாரா? தனியாப் படுக்கிறீங்க. தட்டத் தனியாக் கழுவுறீங்க. நான் தொட்டா அட்டை ஊர்ற மாதிரி கைய இழுத்துக்கிறீங்க. பெத்த பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்ட மாட்டேங்கிறீங்க. எனக்கு மூளை இல்லன்னு நெனச்சீங்களா? வாயத் தொறந்து சொல்லுங்க, எவ அவ?"

இன்னாசிக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் சிரிப்பு வரலாமா? வந்தது. எவளாவது இருந்திருக்கக் கூடாதா, ஆண்டவரே, ஒரு வப்பாட்டியாவது இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி! சிரிப்பு பாதியில் வேறாக மாறிவிட்டது. துண்டு நனைந்து கீழே ஒரு சொட்டு விழுந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"ஐயையோ, ரத்தம்! என்னத்தக் கிழிச்சுக்கிட்டீங்க, காட்டுங்க..."

"தொடாத!"

கத்திவிட்டான். அவள் பயந்துபோய் ஒரு அடி பின்னால் வைத்தாள். பாயைப் பார்த்தாள், மாற்றிக் கட்டின கிட்டாரைப் பார்த்தாள், அதில் இழுத்திருந்த கோடுகளைப் பார்த்தாள். இன்னாசி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். இனி சோறும் இல்லை, பூசணிக்காய்தான் முழுசாய் உட்கார்ந்திருக்கிறது.

"எங்க பெரியப்பா கொழும்புக்குப் போகல பிலோ," என்றான். "மானாமதுரைப் பக்கம் ஒரு இல்லத்துல செத்தாரு. குஷ்டம்." முதல் தடவையாக அந்தச் சொல்லை வாயால் சொன்னான். "இதுல வலிக்கல. இவ்வளவு கிழிஞ்சிருக்கு, வலிக்கல. ஈஸ்டருக்கும் வலிக்கல. முழங்கைகிட்ட ஒரு தேமல் இருக்கு, நீ பாக்கக் கூடாதுன்னுதான் முழுக்கைச் சட்டை. பாப்பாவுக்கு ஒட்டிக்கிருமோன்னுதான்... வேற எவளும் இல்ல."

பிலோ முந்தானையை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தாள். உள்ளே போய்த் தண்ணீரும் துணியும் கொண்டுவந்தாள்.

"அக்கா தெருவுல ஒருத்தருக்கு வந்துச்சு," என்றாள். "கவர்மெண்ட்டு ஆஸ்பத்திரில மாத்திர கொடுத்தாங்க. தின்னாரு. இப்ப ஆட்டோ ஓட்டுறாரு. அதுவான்னே இன்னும் தெரியாது, அதுக்குள்ள..." துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்தாள். "காலைல போவோம்."

"காலை வரைக்கும் என்னால முடியாது," என்றான் இன்னாசி. "நானே தொட்டுப் பாத்தா நெசம் தெரிய மாட்டேங்குது. நான் கண்ண மூடிக்கிறேன். நீ சுண்டுவிரலத் தொடு. லேசாத் தொட்டாப் போதும். தொட்டதும் சொல்றேன்."

இடக்கையைத் துண்டிலிருந்து எடுத்துத் தொடை மேல் மல்லாக்க வைத்தான். கண்ணை மூடினான். இருட்டு. அந்தச் சுவர் எழுத்து நீலமாய் வந்தது, அதைத் தள்ளினான். இப்போது தொடுவாள். காத்திருந்தான். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். தொடவில்லையே. யோசிக்கிறாள். யோசிக்கத்தான் செய்வாள், அவளும் மனுஷிதானே, பிள்ளை பெற்றவள். அம்மாகூடத்தான் பயந்தாள், அம்மாவே சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மாத்திரை என்று வாய் சொல்லும், கை வர வேண்டாமா? மடியில் கமர்கட்டை வைத்துக்கொண்டு நிற்கிற பெரியப்பா முகம் இப்போது ஞாபகம் வந்தது, இத்தனை வருஷம் வராதது, சாடையெல்லாம் தெளிவாய். அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், தப்பு செய்துவிட்டவர் சிரிக்கிற மாதிரி. போதும். அவளை எதற்குச் சோதிக்க வேண்டும்? எழுந்து போயிருப்பாளோ? சத்தமே இல்லையே. கண்ணைத் திறந்தால் அறை காலியாய் இருக்குமோ? புதுசாய் முறுக்கின கம்பி ஒன்று தானாய் ணங்கென்று இளகிற்று. உடம்பு தூக்கிப் போட்டது.

"பரவால்ல பிலோ," என்றான், கண்ணைத் திறக்காமலே. "பயமா இருந்தாத் தொட வேணாம். பிக் கீழ கெடக்கும் பாரு, அத வச்சுத் தொடு."

குரல் ரொம்பக் கிட்டத்திலிருந்து வந்தது.

"நீங்க கண்ண மூடுன நிமிசமே விரலப் புடிச்சுட்டேங்க," என்றாள். "இன்னும் விடல."